தண்ணீர் படாத காயம்

எங்கள் பக்கத்தில் கத்தி பட்ட காயத்தில் எதை வேண்டுமானாலும் வைப்பார்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, எல்லாம் வைக்கலாம். பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் கரியை வைத்தவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மட்டும் படக்கூடாது. பட்டால் சீழ் கோத்துக்கொள்ளுமாம். இதை முதலில் யார் சொல்லித் தொலைத்தார்களோ, அவர்கள் என் கையில் கிடைக்க வேண்டும்.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆள் போதாமல் என் கணவரும் கத்தி எடுத்தார். காய்ந்த கரும்புச் சோகையில் சிக்கிய கத்தி வழுக்கி அவருடைய இடது காலில் பாய்ந்தது. சுண்டுவிரலை ஒட்டி நல்ல ஆழம். காயத்துக்குள் சேறும் சோகைத்தூளும் அப்பிக்கிடந்தன. நாலு எட்டு வைத்தால் மோட்டார் தண்ணீர் சுத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவரைக் கைத்தாங்கலாக அங்கே நகர்த்தப் பார்த்தேன்.

"இன்னாம்மா பண்றே? ரத்தம் ஊத்திக்கினு கீது, தண்ணியில காட்டப் போறியா? சீழு வெச்சா நீயா பாப்பே?" என்று என் கையைத் தட்டிவிட்டார் கணவரின் அண்ணன்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம் மாமா," என்றேன்.

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வரப்பில் ஏதோ பச்சிலையைப் பறித்து, வாயில் போட்டு மென்று, காயத்தில் துப்பி, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினார். காலையிலிருந்து புகையிலை அடக்கிவைத்திருந்த வாய். எச்சில் படலாமாம், தண்ணீர் படக்கூடாதாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் வண்டியில் உட்கார வைத்து சங்கராபுரத்துக்குக் கூட்டிப்போய் டி.டி. ஊசி போட்டு வந்தார்கள். அங்கேயும் கட்டைப் பிரிக்க விடாமல், ஊசி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாராம் அண்ணன். "ஊசிதான் போட்டாச்சே" என்பதே அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில். அந்த ஊசி ரணஜன்னி வராமல் இருக்கத்தான், உள்ளே போன அழுக்கை அது எடுக்காது என்றேன். மருமகள் பேச்சை யார் கேட்பது?

என் மாமியார் காப்பித்தூள் அப்பினார். பார்க்க வந்தவர் ஒருவர் காப்ஸ்யூல் மாத்திரையை உடைத்துத் தூளைத் தூவிவிட்டுப் போனார். எல்லாம் சேர்ந்து மேலே பொருக்குத் தட்டியது. "பாத்தியா, காஞ்சிடுச்சி," என்றார்கள். அடியில் அழுகிக்கொண்டிருந்தது. கால் வீங்கி, ஜுரம் வந்து, அறைக்குள் நாற்றம் அடித்த பிறகுதான் நான் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் தினமும் கழுவி, பழுப்பு மருந்து தடவிக் கட்டு மாற்றுங்கள், பாதத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்றே ஊர் கூடிவிட்டது. மாமியார் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆஸ்பத்திரில தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவிக்கினே இருந்தாங்களாம். அதான் வெரலு பூடுச்சி." அண்ணன் தலையாட்டினார். கூடியிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

நான் ஆறிய தண்ணீரையும் ஒரு பிளாஸ்டிக் பேசினையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அண்ணன் சொல்லைத் தட்டியே பழகாத என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தானாகவே காலைத் தூக்கிப் பேசினுக்கு மேலே நீட்டினார்.

"கழுவு," என்றார்.

வெளியே மாமியார் கதவைத் தட்டினார். "எம் புள்ள காலயே எடுக்க வெச்சிடாதம்மா," என்று கெஞ்சினார். நடிப்பில்லை, பெற்றவளின் அழுகைதான். பல்லைக் கடித்துக்கொண்டு, நான் தண்ணீரை ஊற்றினேன்.