வேஷம் இல்லாமல் கொடுத்த திருநீறு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், மெல்லிசை மேடையிலும் நாடக மேடையிலும் கொடிகட்டிப் பறந்தவன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் முருகன் வேஷம் என்றால் நான்தான். நாடகத்தின் நடுவே, பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களுக்கு அந்த வேஷத்தோடு திருநீறு கொடுப்பேன். பிள்ளை பிறந்துவிட்டால், "எல்லாம் என் கைராசி" என்று மார்தட்டுவேன்.

போன மாதம் பந்தல்குடி டீக்கடை வாசலில் ஒரு லாரி டிரைவர் என் பழைய பாட்டைப் போட்டிருந்தார்.

"பாடுறது நான்தான்யா" என்றேன்.

என் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தார். ஒரு அடி பாடிக் காட்டினேன். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அய்யா, எங்காத்தா உங்ககிட்டத் திருநீறு வாங்கித்தான் நான் பொறந்தேனாம். எனக்குக் கல்யாணமாகி இம்புட்டு வருசமாச்சு, பிள்ளை இல்ல. என் சம்சாரத்துக்குக் கொஞ்சம் மடிச்சுக் குடுங்க."

"வேஷம் போடலையேப்பா."

"கை அதே கைதானய்யா?"

கடைக்காரர் சாமி படத்தடியிலிருந்து திருநீறு எடுத்துத் தந்தார். அதை ஒரு தாளில் மடித்து அவர் கையில் வைத்தேன். "முருகா, இவுகளுக்குக் குடு" என்று மனதுக்குள் கெஞ்சினேன். இத்தனை பேருக்குக் கொடுத்த நான், முருகனிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த டிரைவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தினமும் பந்தல்குடிக்குப் பஸ் ஏறுகிறேன். எந்த லாரி வந்து நின்றாலும் டிரைவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.