உகாண்டாவில் விட்டுவந்த மாத்திரை

போன வாரம் ஒரு லேப் டெக்னீஷியனிடம் தோற்றுப்போனேன். இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

முப்பது வருஷம் மாநில அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். எந்த விண்ணப்பம், எந்த மேஜை, எத்தனை நகல்... எல்லாம் மனப்பாடம். அதனால் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அந்தோணி, ஜெனரேட்டர் ரிப்பேர் வேலையாக மூன்று மாதம் உகாண்டா போகிறேன் என்றதும், பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அதற்கான மஞ்சள் அட்டை, மருந்து தோய்த்த கொசுவலை, பூசிக்கொள்ளும் களிம்பு... எதையும் விடவில்லை.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரையும் டாக்டர் எழுதினார். "தினம் ஒண்ணு. கிளம்பறதுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சு, திரும்பி வந்தப்புறமும் நாலு வாரம்" என்று இரண்டு தடவை சொன்னார். அந்தோணி தலையாட்டினான்.

திரும்பி வந்த பத்தாம் நாள் குளிர்ஜுரம். ஊரெல்லாம் டெங்கு சீசன். தெருமுனை கிளினிக்கில் டெங்கு டெஸ்ட், ரத்த அணுக்கள் எண்ணிக்கை என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அவனை லேபுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே ஷபானா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். சீட்டைப் பார்க்கவில்லை, அந்தோணியின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, எங்கயாச்சும் வெளியூர் போயிருந்தீங்களா?"

"உகாண்டா."

"மாத்திரை?"

"அங்க இருந்த வரைக்கும் ஒரு நாள் தப்பல. வரும்போது மிச்சத்த கூட வேல செய்யறவனுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவனுது தீர்ந்துபோச்சு. பெங்களூருல எதுக்கு மேடம் அது?"

டாக்டர் அன்று சொன்ன காரணம் எனக்கு ஞாபகம் வந்தது. கொசு கடித்ததும் கிருமி ஈரலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்துக்கு வர நாளாகும். வரும்போது மாத்திரை அங்கே இருந்தாக வேண்டும், அதற்குத்தான் அந்த நாலு வாரம். இவனோ ஊரை விட்டதும் கொசுவையும் விட்டாயிற்று என்று தானம் செய்துவிட்டு வந்திருக்கிறான்!

ஷபானா கிளினிக்குக்கு போன் போட்டு மலேரியா டெஸ்டையும் எழுத வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து ரிசல்ட்... டெங்குவும் இல்லை, மலேரியாவும் இல்லை.

"அப்பாடா" என்று எழுந்தேன்.

"உக்காருங்க சார். நாளைக்குக் காலைல மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"ரிப்போர்ட்டே நெகட்டிவ்னு வந்துடுச்சேம்மா?"

"கிருமி கம்மியா இருந்தா ஒரு சொட்டுல மாட்டாது சார். ஒரு தடவ பாத்துட்டு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை அந்தோணிக்கு ஜுரமே இல்லை. குளித்து, சட்டை மாட்டி, அடுகோடி ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். நானும் போகட்டும் என்றுதான் நினைத்தேன். கையில் ரிப்போர்ட் இருக்கிறதே! காகிதத்தை நம்பியே வாழ்ந்தவன் அல்லவா?

ஏழரைக்கு அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, இன்னும் வரலியா?"

"ஜுரம் விட்டுடுச்சு மேடம்."

"அது விட்டு விட்டுத்தான் வரும். நீங்க வர்றீங்களா, நான் ஊசிய எடுத்துட்டு உங்க ஒர்க்‌ஷாப்புக்கே வரட்டுமா? எல்லார் முன்னாடியும் குத்துவேன்."

போனோம். மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இருக்கு சார். மோசமான வகை. வீட்டுக்குப் போய்ப் பை எடுத்துட்டு வர்ற வேலையெல்லாம் பேடா, வேணாம். நேரா ஆஸ்பத்திரி."

அன்று மதியமே அந்தோணிக்கு நினைவு தடுமாறியது. மனைவியை அடையாளம் தெரியாமல் "யாரும்மா நீங்க?" என்றான். அவள் வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நரம்பு வழியாக ஊசிமருந்து ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் கண் தெளிந்தது. பிறகு மாத்திரைக்கு மாற்றினார்கள். "ஒரு நாள் லேட்டா வந்திருந்தா எங்களால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

நேற்று அவன் வீடு திரும்பியதும் லேபுக்குப் போனேன். "உங்க முதலாளிக்கு முறைப்படி ஒரு பாராட்டுக் கடிதம் எழுதப்போறேம்மா" என்றேன்.

"அதெல்லாம் வேணாம் சார். கிளினிக்குல சொல்லி சீட்டுல ஒரு வரி சேக்க வைங்க. 'சமீபத்துல எந்த ஊருக்குப் போனீங்க?' அது போதும்" என்று அடுத்தவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

எத்தனை படிவங்கள் வடிவமைத்திருப்பேன்! ஓர் உயிரைக் காப்பாற்றும் வரி ஒன்றுகூட அவற்றில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

இன்று காலை மூன்று கிளினிக் ஏறி இறங்கினேன். ஒருவர் உடனே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். மற்ற இருவரும் "பரிசீலிக்கிறோம்" என்றார்கள்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?