ஒரு கண் கூடுதல்

அன்று காலை தோட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். என் அம்மா, மகளிர் குழுவின் தலைவியான எங்கள் தெருப் பெரியம்மா, இன்னும் ஒன்பது பெண்கள். எல்லோரும் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். வராதவர் ஒருவர். குழுவின் பன்னிரண்டாவது உறுப்பினர், நான் மதினி என்று கூப்பிடுகிறவர். அவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் கவாத்து வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி அவருடைய புருஷன்தான்.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் இருக்கிறவரைக்கும் பெண்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த வேலை என்பதில் ஒரு கோடு உண்டு. அறுவடை முடிந்த கொடியைக் கத்தரியால் கவாத்து வெட்டுவது ஆண்கள். அவர்கள் பின்னாலேயே போய் விழுந்த குச்சியைப் பொறுக்குவது, தழை கிள்ளுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, பழம் அறுப்பது எல்லாம் பெண்கள். கூலியும் அந்தக் கோட்டின்படிதான். அவர்களுக்கு ஒரு பங்கு என்றால் இவர்களுக்குப் பாதி. என் அம்மா அந்தப் பாதிக் கூலியில்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். இப்போது பழனிசெட்டிபட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன்.

வாராவாரம் பணம் சேமிக்கிற அந்தக் குழுவின் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வங்கிக் கடன் வாங்கி, ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தை ஒரு வருஷக் குத்தகைக்குப் பிடித்தார்கள். அதுவரை அடுத்தவர் பந்தலுக்குக் கீழே நின்றவர்களுக்கு அது முதல் பந்தல். வைகாசி முதல் வாரத்துக்குள் கவாத்து வெட்டினால்தான் நாலு மாதத்தில், ஐப்பசி மழைக்கு முன்னால் பழம் இறங்கும். தள்ளிப்போனால் மழையில் பழம் வெடித்துப்போகும். குத்தகையும் போகும், கடன் மட்டும் நிற்கும்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுநாள் பெரியம்மாவும் அம்மாவும் மேஸ்திரி வீட்டுக்குப் போனார்கள். நானும் போயிருந்தேன்.

"பெரிய தோட்டமே நாலு கெடக்கு. ஒங்களுக்கு ஆனிக் கடைசியில பாப்போம்" என்றார் மேஸ்திரி.

"ஆனிக் கடைசியில வெட்டுனா மழையில மாட்டிக்கிடுமே தம்பி" என்றார் பெரியம்மா.

"அதுக்கு நான் என்ன செய்ய? குத்தகை பிடிக்கையில என்னயவா கேட்டீக? அம்புட்டு அவசரம்னா நீங்களே வெட்டிக்கிடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மதினி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் அம்மா, "அவரு சொன்னாப்லயே செஞ்சுருவமே அக்கா" என்றார் பெரியம்மாவிடம்.

எனக்குத்தான் பயம். "அம்மா, தப்பா வெட்டிட்டா திருப்பி ஒட்ட முடியாதும்மா" என்றேன்.

"ஏலே, நீ பரீட்சைக்குப் போகையில நான் இப்பிடியா பயந்தேன்? கத்தரிய வாங்கிட்டு வா."

தேனியில் கத்தரிகளை எண்ணி எடுத்த கடைக்காரர், "பதினொன்னா? யாருக்கு தம்பி இம்புட்டு?" என்று கேட்டார். எங்க அம்மாவுக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. முறை எல்லோருக்கும் தெரியும். பழுத்த குச்சியில் நாலு கண் விட்டு மீதியை வெட்ட வேண்டும். கண் என்றால் துளிர் புறப்படும் மொட்டு. இத்தனை வருஷம் ஆண்களுக்குப் பின்னால் நடந்ததில் நாலு கண் என்பது அவர்களுக்கு மனப்பாடம். குட்டையான இருவர் பழ டிரேயைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறிக்கொண்டார்கள். அண்ணாந்து வெட்டி வெட்டி எல்லோருக்கும் கழுத்து கடுத்தது. ஒருவருக்கு விரலில் வெட்டு. நான் குச்சி பொறுக்கினேன். அந்த வேலையைச் செய்யும்போதுதான் அது எவ்வளவு குனிய வைக்கும் வேலை என்று எனக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று வரிசை முடிந்திருந்தது.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். காலை எட்டு மணி இருக்கும், வரப்பில் மதினி வந்தார். அவரும் புருஷனின் சட்டையைத்தான் போட்டிருந்தார். கையில் புருஷனின் கத்தரி. யாரிடமும் எதுவும் சொல்லாமல் முதல் வரிசைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தபடியே கடைசிவரை நடந்தார். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்தார்.

"ஏத்தா, வெட்டுனீகளா, சீட்டுப் போட்டீகளா?"

"என்னடி சொல்ற?" என்றார் பெரியம்மா.

"எண்ணிப் பாருங்க. எல்லாக் குச்சியிலயும் அஞ்சு கண்ணு நிக்குது."

எண்ணினார்கள். அஞ்சுதான். பதினோரு பேரும், ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே, ஆளுக்கு ஒரு கண் கூடுதலாக விட்டிருந்தார்கள். நாலு என்று வாய் சொல்லியிருக்கிறது, கை ஒன்றைத் தள்ளிப்போய் வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் ஒரு கொத்துப் பழம் என்று நினைக்கும்போது வெட்ட மனசு வரவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். ஆனால் ஒரு கண் கூடினால் கொடி நுனியிலேயே துளிர்த்துத் தழையாக ஓடிவிடும். காய் குறைந்துபோகும்.

பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "வாராவாரம் சேத்துச் சேத்துப் பழகுன கை. கழிக்கத் தெரியல."

"அவுகளுக்குக் கத்தரி தீட்டிக் குடுக்குறவ நான். ராத்திரி சோறு திங்கையில கண்ணுக் கணக்குத் தவிர வேற பேச்சே கெடையாது" என்றார் மதினி. "ம், வெட்டுங்க. முதல்ல இருந்து."

மூன்று வரிசையையும் மறுபடி வெட்டினார்கள். இந்த முறை ஒவ்வொரு குச்சிக்கும் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று வாய்விட்டு எண்ணினார்கள். பந்தலுக்குக் கீழே பள்ளிக்கூடம் மாதிரி சத்தம்.

பொழுது சாயும் நேரத்தில் மேஸ்திரி கத்தரியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும் சத்தம் அடங்கிவிட்டது. நான் மதினியைப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை, வெட்டிக்கொண்டேதான் இருந்தார். மேஸ்திரி உள்ளே வந்து பொறுமையாக நாலைந்து கொடிகளைப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். கடைசியில் மூலைக்குக் கை நீட்டினார்.

"அங்கன ஒரு கொடி அஞ்சு கண்ணோட நிக்குது பாரு."

"நிக்கட்டும். அது எங்க சேமிப்பு" என்றார் மதினி.

பதினோரு பேரும் சிரித்ததில் மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கத்தரி?" என்றார்.

"அதான் வீட்ல இன்னொன்னு இருக்குல்ல. வேலை முடியட்டும், தாரேன்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

நாலு நாளில் ஒரு ஏக்கரும் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் துளிர் வந்தது, துளிரோடு கொத்தும் வந்தது. ஆவணி கடைசியில் கேரளா வியாபாரி லாரியோடு வந்து நின்றபோது மழையின் சுவடே இல்லை. மூலையிலிருந்த அந்த ஒரு கொடி மட்டும் நல்ல பச்சையாக, தழையாக நின்றது. பழம் நாலே கொத்து. அதை வெட்ட இன்றுவரை அம்மா யாரையும் விடவில்லை.

அறுவடை முடிவதற்குள் பக்கத்துத் தோட்டக்காரர் வந்துவிட்டார். அவருக்கும் கவாத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

"பொம்பளைக் கூலி போட்டுத் தாரேன், வாறீகளா?" என்றார்.

"நாங்க விடுறதும் நாலு கண்ணுதான், ஆம்பளைக விடுறதும் நாலு கண்ணுதான். கூலி மட்டும் என்னத்துக்குப் பாதி?" என்றார் அம்மா.

அவர் முழுக் கூலிக்குச் சம்மதித்தார். இருபது வருஷமாகக் கத்தரிக்குப் பின்னால் குனிந்து நடந்த என் அம்மா அதைக் கேட்டு நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். என்னுடைய பட்டத்தை வாங்கிய அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிறைந்ததில்லை.

போகும்போது தோட்டக்காரர் கேட்டார். "ஆமா, மேஸ்திரி ஆளுக பதினஞ்சாயிரம் கேப்பாகளே. ஒங்களுக்குக் கவாத்துக்கு என்னதான் ஆச்சு?"

பெரியம்மா விரல் மடக்கினார். கத்தரி பதினொன்று, நாலாயிரத்து எழுநூற்று முப்பது. பன்னிரண்டாவது மேஸ்திரியுடையது, அதற்குச் செலவில்லை. விரலில் ஒட்டிய பிளாஸ்திரிக்கும் மருந்துக்கும் அறுபது. நாலு நாள் டீக்கு முந்நூற்று எண்பது. ஆக மொத்தம் ஐயாயிரத்து நூற்று எழுபது ரூபாய்.