காலியாக விட்ட இரண்டு கட்டங்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். உலு திராம் சந்தையில் கங்கோங் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது. நாங்கள் குடியிருக்கும் தாமானின் கடைசி வரிசையில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் ரோஸ்லின்.

"சார், எங்க இருக்கீங்க?"

"பசார்ல. என்னாம்மா?"

"குணா சார் போய்ட்டாங்க சார்." பிறகு, "காலைல எட்டு மணிக்குக்கூட அந்த மழை அளக்குற குவளைகிட்ட நின்னு எனக்குக் கை காட்டுனாங்க சார். உள்ள போயி நாற்காலியில உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்."

கீரைக்காரம்மா மீதிச் சில்லறையை நீட்டியதும், நான் அதை வாங்காமல் நடந்ததும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குணசேகரன் சாரை, நம் பள்ளியில் படித்த உங்களில் பலர் அறிவியல் ஆசிரியராக அறிவீர்கள். நான் கணிதம், அவர் அறிவியல். ஒரே தமிழ்ப்பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேசை. ஓய்வுக்குப் பிறகும் ஒரே தாமானில் நான்கு வீடு தள்ளி. அவரிடம் நான் கற்றதை எல்லாம் எழுத இடம் போதாது. ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். அந்தக் கதையில் தவறு செய்தவன் நான்.

பள்ளித் திடலின் மூலையில் ஒரு மழைமானி இருந்தது. முந்தைய நாள் காலை எட்டு மணியிலிருந்து இன்று எட்டு மணிவரை எத்தனை மில்லிமீட்டர் மழை என்று நாள்தோறும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். குணா சார் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே தொடங்கி வைத்தது அது. ஆரம்பத்தில் பள்ளி ஜாகா முனியாண்டி அண்ணன் பின்பக்கக் குடிலிலேயே தங்கிக் காவல் காத்ததால் சனி, ஞாயிறு அளவுகளை அவரே எடுத்துவிடுவார். அவர் ஓய்வு பெற்றபின் வார இறுதிக்கு ஆள் இல்லை. குணா சார் தாயாரைப் பார்க்கப் பொந்தியான் போய்விடுவார். திங்கள் காலை திரும்பி நேரே மாணவர் சபைகூடலுக்கு ஓடுவார். அதனால் திங்கள் அளவு என் பொறுப்பானது.

ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் வேலை, அந்த நோட்டுகளைக் கணினியில் ஏற்றியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்து, அலுவலகத்தில் தான் பயன்படுத்தும் ஒரு தரவுத்தள இயந்திரத்தையும் அதில் போட்டுத் தந்திருந்தாள். கோடிக்கணக்கான வரிகளை அலசிப் பார்ப்பதற்கென்றே செய்த மென்பொருள். காசு கிடையாது; அதன் மூல நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தமும் சொல்லலாம்.

"நம்ம மழைக்கு இது ரொம்பப் பெரிசு சார்," என்றார். "லோரியில ஒத்தத் தேங்காய ஏத்துற மாதிரி. பரவால்ல, லோரி எப்படி ஓடுதுன்னு பாக்கலாம்."

மற்றவர்கள் பதில் வந்ததும் மகிழ்வார்கள். அவருக்கு, பதில் ஏன் இவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான் கேள்வி. வாரக்கணக்கில் அதையே படித்தார். ஒரு மாலை என் வீட்டில் பால் சேர்க்காத தே ஓ குடித்தபடி விளக்கினார்: சாதாரணத் தரவுத்தளம் ஒவ்வொரு வரியாகச் சேமிக்கிறது, இது ஒவ்வொரு நெடுவரிசையாகச் சேமிக்கிறது.

எனக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் ஏறாது. "அப்படின்னா, வகுப்போட கணித சராசரி வேணும்னா, நாப்பது பிள்ளைங்களோட ரிப்போர்ட் கார்டையும் ஒவ்வொன்னா திறக்காம, மதிப்பெண் பட்டியல்ல கணிதம் இருக்குற பத்தியை மட்டும் மேலருந்து கீழ பாக்குறோமே, அதுவா?"

"பாதி சரி," என்றார். அவரிடம் எனக்கு முழு மதிப்பெண் கிடைத்ததே இல்லை. "இப்ப நடு வருசத்துல ஒரு புதுப் பிள்ளை வருது. ரிப்போர்ட் கார்டுன்னா ஒன்னு எழுதினா போதும். பாடத்துக்கு ஒரு பட்டியல் வச்சிருந்தா?"

"எல்லாப் பட்டியலையும் திறந்து திறந்து எழுதணும்."

"ஆங். அதனாலதான் இது கேள்வி கேக்குறதுல கெட்டி, ஒன்னொன்னா எழுதுறதுல சோம்பேறி. எதுக்குச் செஞ்சாங்களோ அதுக்குத்தான் அது."

மூல நிரல் திறந்திருப்பது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. "விடையை மட்டும் குடுக்கல சார், வழிமுறையையும் காட்டியிருக்காங்க. நீங்க வழிமுறை இல்லாட்டி மார்க் குடுக்க மாட்டீங்களே, அதே மாதிரி." அதன் உதவிப் பக்கத்தில் குழப்பமாக இருந்த ஒரு வாக்கியத்துக்கு அவரே திருத்தம் எழுதி அனுப்பினார். எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னார். அன்று தாமான் முழுக்கக் கரிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று விளக்கியபோது பாதிப் பேர் கரிபாப்பை மட்டும் பார்த்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வடிகால் பிரச்சினை முற்றியது. ஒரு நல்ல மழை பெய்தால் கடைசி வரிசை வீடுகளுக்குள் தண்ணீர். ரோஸ்லினின் தையல் இயந்திரங்களில் இரண்டு ஏற்கெனவே பாழாகியிருந்தன. இன்னொரு வெள்ளம் வந்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். வடிகாலை ஆழப்படுத்தக் கோரி நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுக்கக் குடியிருப்பாளர் சங்கம் முடிவு செய்தது. ஆதாரம் யாரிடம்? குணா சாரிடம்தான். பள்ளி நோட்டின் முதல் பத்தாண்டுகளையும் கடைசிப் பத்தாண்டுகளையும் ஒப்பிட்டால், கனமழை பெய்த நாள்கள் ஏறக்குறைய இரட்டிப்பு. இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் அதைச் சொன்னது. வண்ணத்தில் வரைபடம்கூடத் தயார். சங்கத்தில் கைதட்டினார்கள்.

மனு கொடுக்க இரண்டு நாள் இருந்தபோது அவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். கூடத்துத் தரையில் சதுரக் கட்டத் தாள்கள் விரிந்திருந்தன. இந்த வகை இயந்திரங்கள் தரவைச் சுருக்கி வைக்க ஒரு தந்திரம் செய்யும்: ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் திரும்பத் திரும்ப எழுதாமல், 'பூஜ்யம், இரண்டு முறை' என்று குறித்துக்கொள்ளும். அது எவ்வளவு இடத்தை மிச்சப்படுத்தும் என்று கையாலேயே செய்து பார்த்திருக்கிறார். வரிக்கு ஏழு கட்டம், திங்களில் தொடங்கி ஞாயிறுவரை. இரட்டைப் பூஜ்யம் வரும் இடமெல்லாம் சிவப்பு பென்சில்.

முனியாண்டி அண்ணன் காலத்துத் தாள்களில் சிவப்பு மழைத்தூறல் போல அங்கங்கே சிதறிக் கிடந்தது. பிந்தைய தாள்களில் அது சனி, ஞாயிறு கட்டங்களில் மேலிருந்து கீழாக ஒரே சிவப்புப் பட்டையாக ஓடியது. அதற்கும் பிந்தைய தாள்களில் பட்டை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, வெள்ளி, சனி ஆகியிருந்தது.

"ஜொகூர்ல மழையும் வார விடுமுறை எடுக்குது சார்," என்றார். "அரசாங்கம் லீவை வெள்ளி, சனின்னு மாத்துனதும் அதுவும் மாத்திக்கிச்சு பாருங்க. ரொம்பக் கட்டுப்பாடான மழை லா."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. வார விடுமுறை முடிந்து எடுத்த ஒவ்வொரு அளவும் என் கையெழுத்து. ஏழின் இடுப்பில் கோடு போடுவது நம் பள்ளியில் நான் ஒருவன்தான்.

நடந்தது இதுதான். மூன்று நாள் மழை குவளையில் சேர்ந்து நின்றிருக்கும். அதை நான் திங்கள் (விடுமுறை மாறியபின் ஞாயிறு) என்ற ஒரே கட்டத்தில் எழுதியிருக்கிறேன். விடுமுறைக் கட்டங்கள் இரண்டிலும் பூஜ்யம் போட்டிருக்கிறேன். ஏன்? வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று முதல் ஆண்டிலேயே தலைமையாசிரியரிடம் வாங்கிய திட்டு. முப்பது ஆண்டு ஆசிரியனின் கை காலிக் கட்டத்தைப் பொறுக்காது. மூன்று நாள் சாதாரண மழை, என் ஒரு பூஜ்யப் பழக்கத்தால் ஒரு நாள் கனமழையாகிவிட்டது. இரட்டிப்பானது மழை அல்ல.

"பூஜ்யம்னா, பாத்தேன், மழை இல்லன்னு அர்த்தம்," என்றார் மெதுவாக. "காலின்னா, பாக்கலன்னு அர்த்தம். இந்த இயந்திரத்துல 'தெரியாது'ன்னு வைக்கத் தனி இடமே இருக்கு சார். அத வச்சா சராசரி போடும்போது அந்த நாளைக் கணக்குலயே சேர்க்காது. நம்மகிட்டதான் அந்த இடம் இல்லாமப் போச்சு."

மறுநாள் சங்கக் கூட்டத்தில் அவர் வரைபடத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ரோஸ்லின் எழுந்துவிட்டார்.

"சார், நாளைக்கு மனு குடுக்கணும். இப்ப வந்து மழ கூடலன்னு சொல்றீங்க. அப்போ என் மெஷின் சும்மாவா நீந்துச்சு?"

"நீந்துச்சும்மா. ஏன் நீந்துச்சுன்னுதான் கேக்குறேன்."

பின்னால் ஒருவர், "யாரும் நோட்டைத் திறந்து பாக்கப் போறதில்ல லா சார், அப்படியே குடுத்துருங்க," என்றார்.

"நான் பாத்துட்டேனே," என்றார் குணா சார்.

தவறு யாருடையது என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "நாங்க ரெண்டு பேரும் எழுதுன நோட்டு," என்று முடித்துவிட்டு, ஒரு வாரம் அவகாசம் வாங்கினார்.

அந்த ஒரு வாரம் அவரிடம் இருந்த உற்சாகம், கைதட்டு வாங்கிய நாளில்கூட இல்லை. "மழை தொலையல சார். தேதிதான் தொலைஞ்சது," என்றார். குவளையில் விழுந்த தண்ணீர் எல்லாம் எண்ணாக இருக்கிறது. நாளாகக் கேட்டால் பொய் வரும். வாரமாகக் கூட்டினால் உண்மை வரும், வாரம் நான் அளவெடுத்த கிழமையில் முடிந்தால். ஆகவே ஒரு காலத்துக்குச் செவ்வாய் முதல் திங்கள்வரை, அடுத்த காலத்துக்குத் திங்கள் முதல் ஞாயிறுவரை என்று வாரத்தையே வெட்டித் தைத்தார். அதன் தொடர்ச்சியாக, ஓய்வுக்குப் பின் தன் வீட்டு முற்றத்தில் வைத்த மழைமானியின் அளவுகளைச் சேர்த்தார்.

வெள்ளம் வந்த நாள்களுக்கு எங்கே போவது? அதற்கு ரோஸ்லினிடமே போனார். துணி கொடுக்கும் தேதி தள்ளிப்போகும் நாளில் ஆர்டர் புத்தகத்தில் காரணம் எழுதி வைப்பது ரோஸ்லினின் வழக்கம். 'கரண்ட் இல்ல', 'பிள்ளைக்குக் காய்ச்சல்', 'தண்ணி'. இருபது ஆண்டுப் புத்தகங்கள். கோபம் தீராமலேயே அவற்றைக் கொண்டுவந்து போட்டார். 'தண்ணி' என்ற தேதிகளை ஓர் அட்டவணையாகவும், வார மழையை இன்னோர் அட்டவணையாகவும் வைத்து இரண்டையும் இயந்திரத்தில் இணைத்தோம். நான் படிக்க, அவர் தட்டினார்.

வார மழை கூடவில்லை. ஆனால் முன்பு எவ்வளவு மழைக்குத்தான் 'தண்ணி' வந்ததோ, இப்போது அதில் பாதி மழைக்கே வந்தது. மாறியது வானம் இல்லை, தரை. இருவரும் வடிகாலின் கோடிவரை நடந்து போனோம். தாமானுக்குக் கீழே சதுப்பாக இருந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். வடிகால் போய்ச் சேரும் குழாயின் வாய் பாதிக்குமேல் புதைந்திருந்தது.

"ஆழமா வெட்டியிருந்தா என்னா ஆயிருக்கும் சார்?" என்று கேட்டார், பரீட்சையில் கேட்பதுபோல.

"ஆழமான லோங்காங்ல அதே தண்ணி நின்னிருக்கும்."

"இந்தத் தடவ முழு மார்க்," என்றார்.

புதிய மனுவில் குழாயின் வாயைத் திறந்து பெரிதாக்கக் கேட்டோம். முதல் இணைப்பாக 'எங்கள் பிழை' என்று ஒரு பக்கம் வைத்தார். அதில் நடந்தது அனைத்தும் இருந்தது, என் பெயர் தவிர. பார்வையிட வந்த அதிகாரி அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பெரிய குழாய் போன மாதம்தான் பதித்தார்கள். நல்ல மழை ஒன்று வந்து அதைச் சோதிக்க வேண்டும் என்று குணா சார் காத்திருந்தார். "வேகமா வர்ற பதில மெதுவாப் படிக்கணும்" என்று அடிக்கடி சொல்வார். இந்தப் பதில் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை தகனம். போகும்போது மழை, திரும்பும்போதும் மழை. ஞாயிறு எப்படிப் போனது என்று தெரியவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு என் கால் தானாக அவர் வீட்டுக்கு நடந்தது. அவர் மனைவி நோட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தார். வெள்ளிக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் ஒரு பூஜ்யம். பார்த்தார், மழை இல்லை.

குவளையை எடுத்து ஊற்றி அளந்தேன். நாற்பத்தேழு.

வேலிக்கு வெளியே ரோஸ்லின் மோட்டாரை நிறுத்தினார். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் குரலில் அவசரம். "சார், வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல சார். குழாய் தாங்கிடுச்சு, இல்ல? குணா சார் சொன்னது சரிதானே?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

"தெரியலம்மா. இது ஒரே நாள்ல பேஞ்சிருந்தா தாங்கிடுச்சுன்னு சொல்லலாம். மூனு நாள் மழை இது. எந்த நாளு எவ்வளவுன்னு பாக்க ஆள் இல்ல."

ரோஸ்லின் என்னையே பார்த்தார். "அவங்க மாதிரியே பேசுறீங்க," என்றார். பிறகு, "அடுத்த மழைக்குப் பாப்போம் சார். நான் புத்தகத்துல எழுதி வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான், நண்பர்களே. திங்கள் கட்டத்தில் நாற்பத்தேழு என்று எழுதினேன், ஏழின் இடுப்பில் கோட்டோடு. பக்கத்தில் 'மூன்று நாள் சேர்ந்தது' என்று குறித்தேன். பேனா பழக்கத்தில் மேலே இருந்த காலிக் கட்டங்களுக்குப் போனது. அதை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். சனியும் ஞாயிறும் காலியாகவே இருக்கின்றன.