சிவப்பை அளந்தவன்

காசநோய்ச் சோதனைக்கு முன்கையில் போடும் ஊசியின் தடிப்பை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் அளக்க வேண்டும் என்பது விதி. எனக்குப் போட்டது வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடுமுறை, திங்கள் பண்டிகை. தங்கச் சுரங்க அலுவலகத்தில் ஷிப்ட் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. ஸ்கேலை எடுத்து நானே அளந்தேன்: சிவப்பு, இருபத்தாறு மில்லிமீட்டர்.

தினமும் என்னோடு கேரம் ஆடும் என் தம்பிக்குக் காசநோய் உறுதியாகியிருந்தது. அதனால்தான் சோதனை. பெங்களூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய வாரம் அது. பேத்தியை நான் தொடவில்லை.

செவ்வாயன்று டாக்டர் என் கையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"சிவப்பையா அளந்தீங்க? உள்ள கெட்டியா இருக்கிறதுதான் கணக்கு. கிருமியை முன்னாடியே பார்த்து ஞாபகம் வெச்சிருக்கிற டி செல்லுங்க, விழுங்குற செல்லுங்களைக் கூட்டிக்கினு வந்து இங்க நிக்குது. வந்து சேர ரெண்டு நாள் ஆவும். இந்தக் கிருமி செல்லுக்குள்ளயே குடியிருக்கும். ரத்தத்தில ஓடுற எதிர்ப்பொருள் அதை எட்டிப் பிடிக்காது. இதுங்கதான் சுத்திச் சுவர் கட்டி அடைச்சு வெக்கும்."

"தம்பிக்கு ஏன் அடைக்கவில்லை?"

"சுரங்கத்துல கீழ எத்தனை வருஷம் பாறை துளைச்சாரு! அந்தக் கல்தூசியை விழுங்கியே அவரு செல்லுங்க செத்துப்போச்சு. உங்களுக்கு எக்ஸ்ரே, சளி ரெண்டும் சுத்தம். இருமல், காய்ச்சல் வந்தா உடனே வாங்க. இப்போ பேத்தியைத் தூக்குங்க."

"எழுத்தில் தருவீர்களா?"

"அதுக்குக் கோலார் ஜில்லா ஆபீசுக்கு எழுதணும்."

எழுதினேன், மூன்று பிரதிகளில்.

பின்பு எத்தனையோ பகல்கள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி எழுந்து, வெயிலில் மிதந்து, ஜன்னலில் படியும். சாய்வு நாற்காலியில் கண் மூடினால், சுரங்கத்தின் அடியில் தீப்பிடித்த பழைய லெவலைச் செங்கல் வைத்து அடைப்பதுபோல, என் நெஞ்சுக்குள் யாரோ சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருப்பார்கள். தம்பி கீழே இறங்கிய நேரத்தையெல்லாம் மேலே உட்கார்ந்து எழுதியவன் நான். என் சுவர் நிற்கிறது.

"இன்னாங்க, கோலார்லேந்து ஆர்டர் வந்தாதான் பேத்தி உங்களுக்குப் பேத்தியா?" என்பாள் மனைவி.

ஒருநாள் குழந்தை தவழ்ந்து வந்து, நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து, சரிந்தது. தரையில் தலை படுமுன் தூக்கிவிட்டேன். அனுமதி இல்லாமல்தான். அதன் பிறகு இறக்கிவிடவும் மனமில்லை.

உரிய நேரத்தில் அளக்கப்படாத சோதனையைக் கருத்தில் கொள்ள இயலாது என்ற பதிலைத் தபால்காரர் கொண்டுவந்தபோது, பேத்தி எனக்கு ஊசி போட்ட அதே கையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று 1995, நவம்பர் 21.