முப்பத்தாறு அடியில் ஏழு அடி

போன திங்கட்கிழமை காலைக்கு, விழுப்புரத்தில் என் ஆபீஸில் அரைநாள் லீவு கேட்டேன்.

"கல்யாணமாம்மா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். ஒரு ரேம்ப்பைப் பார்க்கப் போறேன்."

கட்டட டிசைன்தான் எங்கள் தொழில். வாரத்துக்கு நாலு ரேம்ப் வரைகிறோம். அதைப் பார்க்க லீவா என்று அவர் முகம் கேட்டது. நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்... சரியாகச் சொன்னால், முப்பத்தாறு அடி நீளம்.

கோடை லீவு முடிந்து பள்ளிகள் திறந்த புதிதில், கிளியனூர் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊரின் அரசுப் பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். 'பெண் பிள்ளைகள் இன்ஜினியரிங் படிக்கலாமா?' என்பது தலைப்பு. (படிக்கலாம். பேச்சின் சாரம் அவ்வளவுதான்.) புது வகுப்பறைக் கட்டடத்தின் வாசலில் ஒரு சிமெண்ட் சறுக்குமரம். பிள்ளைகள் சர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே கும்மாளம்.

"பரவாயில்லையே டீச்சர், ஸ்லைடெல்லாம் வச்சிருக்கீங்க!" என்றேன் தலைமை ஆசிரியை ஸ்டெல்லாவிடம்.

"ஐயோ, அது ஸ்லைடு இல்லம்மா. ரேம்ப்பு. வீல்சேர் போறதுக்குக் கட்டினது. பசங்க டவுசரெல்லாம் தேஞ்சு போச்சுன்னு பெத்தவங்க என்னாண்ட வந்து சண்டை போடுறாங்க."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ரேம்ப்புக்குக் கீழே ஒரு வீல்சேர் காலியாக நின்றது. பக்கத்துப் படிகளில் ஒரு பெண்மணி தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மகள் ஜெனிட்டா, ஏழாம் வகுப்பு. இடுப்பில் ஏறுகிற வயதா அது? அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். வலியால் இல்லை. பையன்கள் பார்க்கிறார்களே என்று.

அம்மாவின் பெயர் அமலா. திண்டிவனத்தில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்தவர். காலையில், இன்டர்வெல்லில், சாப்பாட்டுக்கு, சாயங்காலம் என்று மகளைத் தூக்கி இறக்க வரவேண்டும். எந்த முதலாளி விடுவார்? வேலையை விட்டுவிட்டார்.

"அதுகூடப் பரவால்லம்மா. 'அரப் பரீட்சை வரைக்கும்தான் வருவேன், அதுக்கப்புறம் என்னைத் தூக்காத'ன்னு அழுதுக்கினு இருக்குது இந்தப் பொண்ணு. அப்புறம் படிப்பு?"

என் பையில் டேப் எப்போதும் இருக்கும். அளந்தேன். கட்டடத்தின் தரை உயரம் மூன்று அடி. ரேம்ப்பின் நீளம் ஏழு அடி. வீல்சேர் ரேம்ப்புக்குக் கணக்கு எளிது – ஓர் அடி உயர, பன்னிரண்டு அடி போக வேண்டும். மூன்று அடிக்கு முப்பத்தாறு. ஏழு அடியில் ஏறச் சொன்னால் ஆடு ஏறும். வீல்சேர் ஏறாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். கேட்டது நான்கு: வரைபடம், எஸ்டிமேட், ஒப்பந்த நிபந்தனைகள், எம்-புக். முடிந்த வேலையை இன்ஜினியர் அளந்து எழுதும் புத்தகம்தான் எம்-புக். அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். மூன்று வந்தன. எம்-புக் 'தணிக்கையில் உள்ளது' என்றார்கள். மேல்முறையீடு செய்தேன். தணிக்கையிலிருந்து திரும்பிவிட்டது!

வரைபடத்தில் முப்பத்தாறு அடி. எஸ்டிமேட்டில் முப்பத்தாறு. எம்-புக்கில் முப்பத்தாறு, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. பணம் கொடுத்ததும் முப்பத்தாறுக்கு.

தரையில்தான் ஏழு.

காகிதங்களை எடுத்துக்கொண்டு, அந்த எம்-புக்கை எழுதிய இன்ஜினியரைப் பார்க்கப் போனேன்.

"சைட்டுல இடம் இல்ல மேடம்."

"வராண்டா ஓரமா நாற்பத்தஞ்சு அடி காலியா இருக்கு சார். அளந்துட்டேன்."

அவர் டீ சொன்னார். டீ வந்தது. அப்புறம் அவர் சிரித்தார்.

"எதுக்கு மேடம் பேஜாரு? புதுசா ஒரு எஸ்டிமேட் போட்டுடலாம். ஃபண்டு இருக்குது. ஜல்தியா முடிச்சுக் குடுத்துடுறேன்."

'நிதி இல்லை' என்று முறைக்கிற அதிகாரியிடம் சண்டை போட நமக்குத் தெரியும். 'நிதி இருக்கிறது' என்று சிரிக்கிறவரிடம் என்ன செய்வது? ஒரே ரேம்ப்புக்கு ஊர் இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டும். அதையும் நன்றி சொல்லிக் கொடுக்க வேண்டும்!

ஸ்டெல்லா டீச்சருக்குச் சம்மதம். அமலா அக்காவுக்கும் சம்மதம்.

"யார் காசா இருந்தா இன்னாம்மா? எம் பொண்ணு உள்ள போனாப் போதும். நாங்க இன்னா வரியா கட்றோம்?"

இடுப்பு வலி அவருக்கு; கொள்கை எனக்கு. நான் அடம்பிடித்து வேலை தள்ளிப்போனால், நஷ்டம் ஜெனிட்டாவுக்கு. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். பள்ளிக்கு எதிர்க் கடையில் அவர் அன்று வாங்கியதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், போன் ரீசார்ஜ். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் வரி எவ்வளவு என்பதையும்.

அமலா அக்கா படித்தார். மறுபடியும் படித்தார். நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தது கிராம சபைக் கூட்டம். முதலில் நான் பேசினேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு சாய்வு, அளவுப் பதிவு, நிபந்தனைகள்... முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "எங்க தெரு லைட்டப் பத்திச் சொல்லும்மா!" இன்ஜினியர் எழுந்து, புது எஸ்டிமேட் தயாராகிறது என்றார். கைதட்டல். எனக்குக்கூட இப்படிக் கைதட்டவில்லை.

அமலா அக்கா எழுந்தார்.

"சார், ஒரு மூட்டை மல்லாட்டைக்குக் காசு வாங்கிக்கினு கால் மூட்டை போட்டா, மீதியக் குடுன்னு கேப்போமா, இன்னொரு மூட்டைக்குக் காசு குடுப்போமா?"

கைதட்டல் நின்றது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள். எடையில் ஏமாறாத குடும்பம் அந்த ஊரில் இல்லை.

"மீதியத்தான் கேக்கணும்!"

"முதல்ல எடையப் போடு சார், எடைய!"

"கான்ட்ராக்டர்கிட்டப் பேசிட்டு..." என்று இழுத்தார் இன்ஜினியர்.

"பேசுங்க சார். ஆனா இங்கயே தீர்மானத்த எழுதிட்டுப் பேசுங்க. அது எங்க காசு. நான் சோப்பு வாங்குனதுல, எம் பொண்ணு பிஸ்கட் துன்னதுல கட்டுன காசு." மணிபர்ஸைத் திறந்து தாளை எடுத்தார். "கணக்கு கீது. படிக்கட்டுமா?"

படிக்கத் தேவையே வரவில்லை. கொட்டாவிக்காரர் உட்பட எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையை மட்டும் வாசித்தேன் – பணியில் குறை தெரிந்தால், கான்ட்ராக்டர் தன் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்த முறை யாரும் லைட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தீர்மானம் எழுதப்பட்டது. 'புதிய நிதி ஏதும் இன்றி' என்ற வார்த்தைகளைச் சேர்க்கச் சொல்லி, இரண்டு முறை வாசிக்க வைத்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார் அமலா அக்கா.

கான்ட்ராக்டர் முதலில் கோபத்தோடு வந்தார். அடுத்த வாரம் ஜல்லியோடு வந்தார்.

"ஒரு ரேம்ப்புக்கு இவ்ளோ அளப்பாங்களா தங்கச்சி?"

"நீங்க ஒருவாட்டி அளந்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்ண்ணே."

இல்லாத இருபத்தொன்பது அடியை எம்-புக்கில் எழுதியது எப்படி என்று இன்ஜினியரிடம் மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அவர் எழுதட்டும். எழுதுவதில் அனுபவசாலி.

அந்தத் திங்கட்கிழமை காலை. வராண்டா ஓரமாக முப்பத்தாறு அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. என் டேப்பால் அளந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன்.

ஜெனிட்டா சக்கரத்தைத் தன் கையாலேயே தள்ளினாள். அமலா அக்கா பின்னாலேயே, பிடிக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு. "மெதுவாடி... மெதுவா..."

"அம்மா, வராத. நானே போறேன்."

போனாள். பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். யாரும் கிட்டே போகவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஏன் நின்னுக்கினு இருக்க? திண்டிவனம் பஸ்சு வந்துடும். தையல் யூனிட்டுல திரும்பக் கூப்ட்ட மொத நாளே லேட்டாப் போவாத. வேலைக்குப் போம்மா!"

அமலா அக்கா போனார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு.