புளி போட்டுத் தேய்த்த பால் வாளி

அஞ்சலை போய்விட்டாள்.

காலையில் நாகப்பட்டினத்திலிருந்து அவள் பேரன் மெசெஞ்சரில் எழுதியிருந்தான். "பாட்டி தூக்கத்திலேயே போயிட்டாங்க. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

ஒரு விரலால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேத்தி அடித்துத் தருகிறேன் என்றாள்... வேண்டாம் என்றுவிட்டேன்.

அஞ்சலை யார் என்று என் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், மலாக்காவில் அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ஒரே வயது, ஒரே வகுப்பு, தலையில் ஒரே பேன்.

பழைய தோட்டத்துப் படங்களை இந்தக் குரூப்பில் போட்டு, "கவலையே இல்லாத காலம்" என்று எழுதுகிறீர்கள். நானும் லைக் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். சிரித்தோம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்வோம். ஒருநாள் அஞ்சலை எறிந்த பந்து கங்காணி வீட்டுக் கோழிமேல் விழுந்தது. கங்காணியின் மனைவி விளக்குமாறோடு வந்தார், நாங்கள் எல்லோரும் ஓடிவிட்டோம். இவள் மட்டும் நின்று, "பந்தக் குடுங்க, போயிடுறேன்" என்றாள். இரண்டு அடியும் பந்தும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கோலா சுங்கை பாருவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரரிடம் மலாயில் பேரம் பேசுவாள். பாதி வார்த்தை அவளே உண்டாக்கியது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடப் போடுவார்.

பிறகு ஸ்லம்ப் வந்தது. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். யாரை அனுப்பலாம் என்று கங்காணிதான் துரையிடம் சொல்வார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது, பேர் கூப்பிட்டு முடிக்கும்வரை பெரியவர்கள் மூச்சுகூட விடமாட்டார்கள்.

அப்பாவுக்கு அப்போது மலேரியா. எழுந்து உட்காரக்கூட முடியாது. கப்பலில் ஏற்றினால் உயிரோடு போய்ச் சேரமாட்டார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொல்லிவிட்டார். அம்மா ஒருத்தி மரம் சீவிக்கொண்டிருந்ததால்தான் எங்களை விட்டுவைத்திருந்தார்கள்... இது எனக்கும் தெரியும், அஞ்சலைக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் வெள்ளி என்று குழாயடியில் விளக்கையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் அம்மா ரப்பர் பால் எடுத்துவரும் வாளி, கன்னங்கரேலென்று. "அத்தைக்கு இதையும் பளபளன்னு ஆக்கிக் குடுக்கறேன்" என்று அஞ்சலை மிச்சப் புளியைக் கரைத்து அதில் ஊற்றி ஊறவைத்தாள்.

அம்மா பாவம். அப்பாவோடு கண் விழித்த களைப்பு. விடியற்காலை இருட்டில் அதைத் தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிட்டு, அடியில் ஒட்டிய புளியோடு அப்படியே வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ரப்பர் பால் உறைந்து கட்டியாவதற்கு ஸ்டோரில் அசிட் ஊற்றுவார்கள். புளியும் அதே வேலையைச் செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அன்று பள்ளி விட்டதும் வழக்கம்போல் பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினோம். அம்மாவின் முறை. வாளியைச் சாய்த்தார்கள்... பால் வரவில்லை. தயிர் மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது.

கங்காணி குனிந்து பார்த்தார். "வேணும்னே கெடுத்திருக்க. புருசனத் தூக்கிக்கிட்டு அடுத்த கப்பல்ல ஏறு."

"அவரு தாங்கமாட்டாருங்க..." அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புளி ஊத்துனது நான்தாங்க. அத்தைக்குத் தெரியாது."

அஞ்சலைதான் முன்னால் வந்து நின்றாள்.

கங்காணி அவளைப் பார்க்கவே இல்லை. வரிசையில் வாளியோடு நின்ற அவள் அப்பாவைப் பார்த்தார். "அப்ப யாரு போறது? நீயே சொல்லு."

மாமா என் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் தலையில் கை வைத்தார்.

"நாங்க போறோங்க."

அவ்வளவுதான்... லாரி வந்தது, போய்விட்டார்கள். அஞ்சலை இங்கேயே பிறந்தவள், ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது. கடிதம் போட எங்களுக்கு விலாசமும் தெரியாது. அந்தக் கங்காணி செத்து மண்ணாகி எவ்வளவோ காலமாகிறது, எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

போன வருடம் அவள் பேரன் ஒரு குரூப்பில், மலாக்கா தோட்டத்தில் பாட்டியோடு வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தான். என் பேத்தி கண்ணில் பட்டது. மலாக்கா பாச்சாங்கில் இந்த வீட்டு ஹாலில், டேப்லெட்டை மைலோ டின்மேல் சாய்த்துவைத்து வீடியோ கால்.

அவளுக்குப் பல் இல்லை, காதும் மந்தம். "பாட்டி, மலாக்கா காத்தாயி" என்று பேரன் கத்திச் சொன்னான். திரையை உற்றுப் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள், எப்படி இருக்கிறாய்... அப்படி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"ஏண்டி, உங்கப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

அழுதுவிட்டேன்.

"விட்டுருச்சுடி. என் கல்யாணத்த நடத்தி வச்சிட்டுத்தான் போனாரு."

அவள் தலையாட்டினாள். "எங்கப்பா சாவற வரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாருடி."

போய் வா அஞ்சலை... மாமாவைப் பார்த்தால் சொல்லிவிடு.